கைவழி வந்த தாளம்: பிளாக் கீஸ் குழுவும் மிசிசிப்பி குன்றுநாட்டு ப்ளூஸும்

பிளாக் கீஸ் குழு 2021 மே மாதம் வெளியிட்ட ‘டெல்டா கிரீம்’ ஆல்பத்தில் 11 பாடல்கள் இருக்கின்றன. ஒன்றுகூட அவர்கள் எழுதியதில்லை. எல்லாமே மிசிசிப்பி மாநிலத்தின் வடபகுதியில் ஏழை விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும் வாசித்துப் பாடிவந்த பாடல்கள், அல்லது அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸ் மரபிலிருந்து வந்து அவர்கள் வாயில் புதுவடிவம் பெற்ற பழைய பாடல்கள். 2019 டிசம்பரில், நாஷ்வில் நகரில் குழுவின் பாடகர் டான் ஆவர்பாக் நடத்தும் ஈஸி ஐ சவுண்ட் ஸ்டூடியோவில், இரண்டு பிற்பகல்களில், ஏறத்தாழ 10 மணி நேரத்தில் அத்தனையும் பதிவாகிவிட்டன. ஒத்திகை கிடையாது, முன்கூட்டிய பட்டியலும் கிடையாது. பெரிய விளையாட்டு அரங்குகளை நிரப்பும் ஒரு ராக் குழு இவ்வளவு விரைவாக ஓர் ஆல்பத்தை முடிப்பது அரிது. அவசரத்தில் செய்ததுபோல அது ஒலிக்கவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி.

அதற்குக் காரணம் அந்த அறையில் இருந்த மற்ற இருவர் என்று நான் நினைக்கிறேன். ஸ்லைடு கிதார் (கம்பிகள்மேல் குழாயைச் சறுக்கி வாசிக்கும் முறை) வாசித்த கென்னி பிரவுன், பேஸ் கிதார் வாசித்த எரிக் டீட்டன். வேறொரு ஒலிப்பதிவுக்காக வந்திருந்த இருவரையும் ஆவர்பாக் அங்கேயே இருத்திக்கொண்டு, டிரம்ஸ் வாசிக்கும் தன் கூட்டாளி பேட்ரிக் கார்னியைத் தொலைபேசியில் அழைத்தார். பிரவுனும் டீட்டனும் இந்தப் பாடல்களை இசைத்தட்டில் கேட்டுப் படித்தவர்கள் அல்லர். பாடியவர்களின் பக்கத்தில் நின்று, ஆண்டுக்கணக்கில் வாசித்துப் பழகியவர்கள். பழைய மின்கிதார் ப்ளூஸை இன்றைய குழு ஒன்று மீட்டெடுக்க வேண்டுமென்றால் எந்த வழியில் போக வேண்டும் என்பதை இந்த ஆல்பம் தெளிவாகக் காட்டுகிறது. அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

மின்கிதார் ப்ளூஸ் என்றாலே எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது சிகாகோ. மிசிசிப்பி டெல்டாவின் கிளார்க்ஸ்டேல் நகரை ஒட்டிய ஸ்டோவால் பண்ணையில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் 1943இல் ரயிலேறி சிகாகோவுக்குப் போனார். மறு ஆண்டு, அதே கிளார்க்ஸ்டேலுக்கு அருகே ஹாப்சன் பண்ணையில் பருத்தி பறிக்கும் இயந்திரத்தை மக்கள் முன்னிலையில் ஓட்டிக் காட்டினார்கள். பல பேர் சேர்ந்து செய்யும் வேலையை ஓர் இயந்திரம் செய்துவிடும் என்பது கண்முன்னே நிரூபணமானது. நிற வெறியும், விளைச்சலில் பங்கு கொடுத்துப் பயிரிடும் வாரக் குத்தகையின் கடனும் ஏற்கெனவே கறுப்பின மக்களை வடக்கே விரட்டிக்கொண்டிருந்தன. இயந்திரம் அந்த ஓட்டத்தை இன்னும் விரைவுபடுத்தியது. அவர்களோடு பாட்டும் போனது.

ஆனால் சிகாகோவின் மதுக்கடைகளில் மரக் கிதார் எடுபடவில்லை. கூட்டத்தின் பேச்சும் கண்ணாடிக் கோப்பைகளின் சத்தமும் அதை விழுங்கிவிட்டன. ஆம்ப்ளிஃபயரோடு இணைந்த மின்கிதாருக்குத் தான் மாறியது அதனால்தான் என்று மடி வாட்டர்ஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். லிட்டில் வால்டர் இன்னும் ஒரு படி மேலே போனார். மலிவான மைக்ரோஃபோனையும் மவுத் ஆர்கனையும் இரு உள்ளங்கைகளுக்குள் சேர்த்துப் பொத்திக்கொண்டு ஊதினார். அந்தச் சின்ன வாத்தியம் சாக்ஸஃபோனைப்போல உறுமியது. 1952இல் செஸ் நிறுவனத்தின் துணைப் பிரிவான செக்கர் வெளியிட்ட அவருடைய ‘ஜூக்’ இசைத்தட்டு ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் முதலிடம் பிடித்தது. டிரம்ஸ், பேஸ், பியானோ, இரண்டு கிதார், ஒரு மவுத் ஆர்கன் என்ற குழு அமைப்பும், மூன்று ஸ்வரக்கூட்டுகளைச் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள், அதாவது ‘கார்டு’) சுற்றி 12 தாள அளவுகளில் (‘பார்’) திரும்பி வரும் பாடல் வடிவமும் அந்தக் காலத்தில் நிலைபெற்றன.

பின்னால் வந்த மறுமலர்ச்சிகள் பெரும்பாலும் இந்த சிகாகோ வடிவத்தையே தேடிப் போயின. லண்டன் இளைஞர்கள் மடி வாட்டர்ஸ் பாட்டொன்றிலிருந்து தங்கள் குழுவுக்கு ரோலிங் ஸ்டோன்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். அதே காலத்தில் சிகாகோவிலேயே பால் பட்டர்ஃபீல்டு என்ற வெள்ளை இளைஞர், நகரின் தென்பகுதி விடுதிகளில் கறுப்பினக் கலைஞர்களின் காலடியில் மவுத் ஆர்கன் கற்றுக்கொண்டு சொந்தக் குழு அமைத்தார். அவர் செய்த மிகப் புத்திசாலித்தனமான காரியம், சிகாகோ ப்ளூஸ் பாடகர் ஹவ்லின் உல்ஃபின் குழுவில் இருந்த பேஸ் கலைஞர் ஜெரோம் ஆர்னால்டையும் டிரம்ஸ் கலைஞர் சாம் லேயையும் தன் குழுவுக்கு அழைத்துக்கொண்டதுதான். 1965இல் வந்த அந்தக் குழுவின் முதல் ஆல்பம் இன்றும் உயிரோடு ஒலிப்பதற்கு அந்த இருவரின் தாளமே அடித்தளம். கிதார் வாசிப்பைப் பதிவுகளைக் கேட்டு ஓரளவு படித்துவிடலாம். டிரம்ஸும் பேஸும் எங்கே ஒரு மயிரிழை பின்தங்கி நிற்கின்றன, எங்கே முந்துகின்றன என்பதை அவ்வளவு எளிதாகப் படிக்க முடியாது.

ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவே 2016இல் ‘ப்ளூ அண்ட் லோன்சம்’ என்ற பெயரில் பெரும்பாலும் சிகாகோ பாடல்களை வைத்து ஓர் ஆல்பம் வெளியிட்டது. மூன்றே நாட்களில் பதிவானது, கிராமி விருதும் வாங்கியது. மிக் ஜாகரின் மவுத் ஆர்கன் அதில் அருமை. ஆனாலும் அது, தூரத்திலிருந்து காதலித்தவர்கள் அரை நூற்றாண்டுக்குப் பிறகு எழுதிய கடிதம். ‘டெல்டா கிரீம்’ அந்த வகையைச் சேர்ந்தது அன்று.

ஏனென்றால் அது போன பாதையே வேறு. ஆல்பத்தின் பெயரில் டெல்டா இருக்கிறது. மிசிசிப்பியின் டுனிக்கா ஊரில் வில்லியம் எகிள்ஸ்டன் எடுத்த புகைப்படத்தில் இருக்கும் கடையின் பெயர் அது, அந்தப் படம்தான் அட்டையில் இருக்கிறது. பாடல்களில் பெரும்பாலானவை டெல்டாவுக்குக் கிழக்கே உள்ள குன்றுநாட்டைச் சேர்ந்தவை. டெல்டா தட்டையான வண்டல் நிலம், பெரும் பருத்திப் பண்ணைகளின் உலகம். மார்ஷல், டேட், பனோலா மாவட்டங்களில் நிலம் மேடும் பள்ளமுமானது, மண் அவ்வளவு வளமில்லாதது, பண்ணைகள் சிறியவை. அங்கே வளர்ந்த ப்ளூஸும் வேறு மாதிரி.

சிகாகோ பாட்டில் ஸ்வரக்கூட்டு மாறும்போது ‘இதோ அடுத்த கட்டம்’ என்று காது எதிர்பார்க்கும். குன்றுநாட்டுப் பாட்டில் பல சமயம் அந்த மாற்றமே வராது. ஒரே ஸ்வரக்கூட்டு, பாட்டு முடியும்வரை. கச்சேரியில் தம்புராவின் ஆதார சுருதி எப்படி அசையாமல் நிற்க அதன்மேல் பாட்டு நகர்கிறதோ, அப்படி ஒரு நிலைத்த ஒலியின் மேல்தான் இங்கே எல்லாம் நடக்கிறது. வேறுபாடு என்னவென்றால் இங்கே சுருதியே தாளமாகவும் துடிக்கிறது. கட்டைவிரல் கனத்த கம்பிகளில் ஒரு சுழற்சியை விடாமல் ஓட்டுகிறது. மற்ற விரல்கள் மேல் கம்பிகளில் பாடகரின் குரலோடு ஒட்டிப் போகின்றன. ஐந்து நிமிடம் கேட்டால் சலிக்குமோ என்று தோன்றும். பத்து நிமிடத்தில் உடம்பு தானாக ஆடத் தொடங்கிவிடும். இது உட்கார்ந்து கேட்பதற்காக உருவான இசை அன்று. சனி, ஞாயிறு இரவுகளில் ஆடுவதற்காக உருவானது.

இந்தத் துடிப்புக்கு ஓர் ஊற்று, அந்தப் பகுதியில் நெடுங்காலமாக இருக்கும் குழல்–முரசு மரபு. செனடோபியா அருகே கிராவல் ஸ்பிரிங்ஸில் ஓத்தர் டர்னர் என்ற விவசாயி நாணற்குழலை ஊத, பின்னால் முரசுகள் அடித்துக்கொண்டு ஊரே புழுதியில் ஊர்வலமாக நடக்கும். 2003இல் அவர் மறைந்த பிறகு பேத்தி ஷார்டே தாமஸ் அந்தக் குழலை ஏந்தினார். இதே வட்டாரத்தின் கோமோ ஊரில்தான் 1959இல் நாட்டார் இசை சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ், பகலெல்லாம் வயலில் உழைத்துவிட்டு வந்த ஃபிரெட் மெக்டவலைப் பதிவு செய்தார். மெக்டவல் வாசித்ததைப் பார்த்துப் பார்த்துக் கற்றவர்களில் ஒருவர் ஆர். எல். பர்ன்சைட்.

பர்ன்சைடின் வாழ்க்கை மனத்தைப் பிசைவது. 1926இல் பிறந்தவர். வாரத்துக்குப் பயிரிட்ட விவசாயி. மற்றவர்களைப்போல அவரும் சிகாகோவுக்குப் போனார். அங்கே மடி வாட்டர்ஸ் மணந்திருந்தது தன் உறவுக்காரப் பெண்ணை என்று அவர் சொல்வதுண்டு, அந்த வீட்டில் வாட்டர்ஸின் வாசிப்பை நேரில் கேட்டார். ஆனால் அதே நகரத்தில் அவருடைய தந்தையும் சகோதரர்களும் கொலையுண்டார்கள். 1950களின் இறுதியில் ஊருக்கே திரும்பிவிட்டார். 1967இல் நாட்டார் இசை சேகரிப்பாளர் ஜார்ஜ் மிட்சல் அவரைத் தேடி வந்து பதிவு செய்தபோது கையில் இருந்தது மரக் கிதார். உலகம் அவரை மின்கிதாரோடு அறிந்துகொள்ள இன்னும் கால் நூற்றாண்டு பிடித்தது.

ஜூனியர் கிம்ப்ரோ 1930இல் பிறந்தவர். 1960களின் பிற்பகுதியில் மெம்ஃபிஸில் ஒரு சிறு நிறுவனம் அவருடைய இசைத்தட்டொன்றை வெளியிட்டது. அதில் பெயரைக்கூட ‘ஜூனியர் கிம்பெல்’ என்று தவறாக அச்சடித்தார்கள். அதன்பின் நெடுங்காலம் ஹாலி ஸ்பிரிங்ஸ் வட்டாரத்துக்கு வெளியே அவரைத் தெரிந்தவர்கள் குறைவு. வட்டாரத்துக்குள் அவர் ராஜா. முதலில் தன் வீட்டில் ஞாயிறு விருந்து வைத்தார். பிறகு 1990களின் தொடக்கத்தில் சுலஹோமாவில் சாலையோரக் கட்டடம் ஒன்றில் ‘ஜூக் ஜாயின்ட்’ நடத்தினார். கிராமப்புறக் கறுப்பின மக்கள் வாரக் கடைசியில் கூடிக் குடித்து, ஆடி, பாட்டுக் கேட்கும் எளிய விடுதிக்கு அங்கே அதுதான் பெயர். அவரோடு பேஸ் வாசித்தவர் பர்ன்சைடின் மகன் கேரி. டிரம்ஸ் வாசித்தவர் கிம்ப்ரோவின் சொந்த மகன் கென்னி. இரண்டு குடும்பங்கள், ஒரே மேடை. ராக்கபிலி பாடகர் சார்லி ஃபெதர்ஸ் சிறுவயதில் கிம்ப்ரோவிடம் கிதார் கற்றவர். எல்லா இசைக்கும் தொடக்கமும் முடிவும் கிம்ப்ரோதான் என்று அவர் சொன்னது இன்று கிம்ப்ரோவின் கல்லறையில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

1990களின் தொடக்கத்தில் மிசிசிப்பியின் ஆக்ஸ்ஃபோர்டு நகரில் ஃபேட் பாசம் என்ற சிறிய இசைத்தட்டு நிறுவனம் முளைத்தது. விமர்சகர் ராபர்ட் பாமர் தயாரிப்பில் 1992இல் கிம்ப்ரோவின் முதல் ஆல்பம் வந்தபோது அவருக்கு வயது 62. பர்ன்சைடின் ‘டூ பேட் ஜிம்’ 1994இல் வந்தது. ஒலியைப் பளபளப்பாக்காமல், ஆம்ப்ளிஃபயரின் கரகரப்பையும் அறையின் இரைச்சலையும் அப்படியே விட்டார்கள். அந்தத் துணிச்சலுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். அதே நிறுவனம் பின்னர் பர்ன்சைடின் குரலை வெட்டி ஒட்டி, கணினித் தாளங்களோடு கலந்து விற்கவும் செய்தது. அவை நன்றாக விற்றன, முதிய வயதில் பர்ன்சைடுக்கு வருமானமும் வந்தது. அதில் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் கேட்பதற்கு நான் எடுப்பது அவற்றையல்ல. தாளம்தான் அந்த இசையின் உயிர் என்னும்போது, தாளத்தைக் கழற்றிவிட்டுக் குரலை மட்டும் வைத்துக்கொண்டால் மிஞ்சுவது அலங்காரம்.

இந்த இசைத்தட்டுகள் ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரான் நகரை எட்டின. குட்இயர், ஃபயர்ஸ்டோன் நிறுவனங்கள் பிறந்த டயர் நகரம் அது. ஆலைகள் மூடப்பட்டுத் துருவேறிக்கொண்டிருந்தது. அங்கே சிறுவயது முதல் பழகிய ஆவர்பாக்கும் கார்னியும் 2001இல் பிளாக் கீஸ் குழுவைத் தொடங்கினார்கள். ஆவர்பாக்கைக் கல்லூரிப் படிப்பிலிருந்து கிதாரின் பக்கம் இழுத்தவர்களில் முதன்மையானவர் கிம்ப்ரோ. 2002இல் வந்த முதல் ஆல்பத்தை, கார்னியின் வீட்டு நிலவறையில் பதிவு செய்தார்கள். அதில் கிம்ப்ரோ பாட்டு ஒன்றும் பர்ன்சைடின் பாட்டு ஒன்றும் உண்டு. மறு ஆண்டு வந்த இரண்டாவது ஆல்பம் ஃபேட் பாசம் வெளியீடாகவே அமைந்தது. 2004 ஆல்பத்தைக் கைவிடப்பட்ட டயர் ஆலை ஒன்றுக்குள் பதிவு செய்தார்கள். 2006இல் ‘சுலஹோமா’ என்ற பெயரில் ஆறு கிம்ப்ரோ பாடல்களைத் தனித் தட்டாகவே கொண்டுவந்தார்கள். அதன் கடைசியில் கிம்ப்ரோவின் துணைவியார் தொலைபேசியில் விட்டுச்சென்ற வாழ்த்துச் செய்தி ஒலிக்கிறது. கிம்ப்ரோ 1998இலேயே காலமாகிவிட்டார், விடுதியும் 2000 ஏப்ரலில் எரிந்து சாம்பலாகிவிட்டது. அந்த வீட்டிலிருந்து ஒப்புதல் கிடைத்தது அந்த இளைஞர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கும்!

‘டூ தி ரோம்ப்’ என்ற கிம்ப்ரோ பாட்டை அவர்கள் இரண்டு முறை பதிவு செய்திருக்கிறார்கள்: 2002இல் முதல் ஆல்பத்தில் சற்றே மாறிய பெயரில் ஒரு முறை, 2021இல் மறுமுறை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். முதலாவதில் இருப்பது இரண்டே பேர். பேஸ் இல்லாத குறையை ஆவர்பாக் தன் கிதாரின் தடித்த, சிதைந்த ஒலியால் நிரப்புகிறார். கார்னி மேளத்தை உடைத்துவிடுவதுபோல அடிக்கிறார். இருபது வயதின் வேகம் அது. கேட்க உற்சாகமாகவே இருக்கிறது. ஆனால் அடி ஒவ்வொன்றும் முன்னால் விழுகிறது, பாட்டு எங்கோ ஓடிப்போக முயல்கிறது.

இரண்டாவதில் ஓட்டமில்லை. டீட்டனின் பேஸ் கீழே ஒரே வட்டத்தைச் சுற்றிச் சுற்றிப் போகிறது. அதன்மேல் கார்னி முன்பைவிடக் குறைவாகவே அடிக்கிறார். இரண்டு கிதார்கள் ஒன்றையொன்று முந்தாமல், ஒன்று விட்ட இடைவெளியில் மற்றொன்று நுழைகிறது. எது ஆவர்பாக், எது பிரவுன் என்று பிரிக்கச் சில இடங்களில் சிரமப்பட வேண்டியிருக்கும். ஆவர்பாக் குரலை உயர்த்தவே இல்லை. அதே பாட்டு, அதே இரு நண்பர்கள். கூடச் சேர்ந்தவர்கள் இருவர். பாட்டு தரையில் காலூன்றி நிற்கிறது. இந்த ஒரு வேறுபாட்டைக் காதால் உணர்ந்தவர்களுக்கு மறுமலர்ச்சி பற்றி நான் சொல்ல வருவது புரிந்துவிடும்.

கென்னி பிரவுனின் கை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1953இல் பிறந்த அவர், மிசிசிப்பியின் நெஸ்பிட் ஊரில் வளர்ந்தவர். பக்கத்து வீட்டில் இருந்தவர் ஜோ காலிகாட், 1930இலேயே இசைத்தட்டு வெளியிட்டு, பிறகு உலகம் மறந்துவிட்ட முதிய ப்ளூஸ் கலைஞர். சிறுவன் பிரவுனுக்கு முதல் ஆசான் அவர். 1970களின் தொடக்கத்தில் பர்ன்சைடோடு சேர்ந்து வாசிக்கத் தொடங்கிய பிரவுன், ஏறத்தாழ 30 ஆண்டுகள் அவருக்குத் துணைநின்றார். பர்ன்சைட் அவரைத் தன் வளர்ப்பு மகன் என்றே சொல்வார். டீட்டன் வெளியூர்க்காரர், பதின்ம வயதின் முடிவில் இந்த இசைக்காகவே மிசிசிப்பிக்குக் குடிபெயர்ந்து, கிம்ப்ரோவின் விடுதியில் பழகியவர். ‘டெல்டா கிரீம்’ தொடர்பான அறிவிப்புகளில் இருவரின் பெயரையும் குழு முன்னிறுத்தியது சரியான மரியாதை.

பணமும் உரிமையும் பற்றிப் பேசாமல் ப்ளூஸ் மறுமலர்ச்சியைப் பேசுவது நேர்மையாகாது. 1960களிலும் 70களிலும் பல ராக் குழுக்கள் கறுப்பினக் கலைஞர்களின் வரிகளையும் மெட்டுகளையும் எடுத்துக்கொண்டு பெயரைப் போடாமல் விட்டன. தன் வரிகளைப் பயன்படுத்தியதற்காக லெட் செப்பலின் குழுமீது சிகாகோ ப்ளூஸ் பாடலாசிரியர் வில்லி டிக்சன் 1985இல் வழக்குத் தொடுக்க வேண்டியிருந்தது. அது சமரசத்தில் முடிந்தது. பிளாக் கீஸ் அந்தத் தவற்றைச் செய்யவில்லை. 11 பாடல்களில் ஐந்து கிம்ப்ரோ பெயரில் இருக்கின்றன. ‘கிராலிங் கிங்ஸ்னேக்’ பாட்டை ஜான் லீ ஹூக்கர் புகழ்பெற வைத்தார் என்றாலும், தாங்கள் பின்பற்றியது கிம்ப்ரோவின் வடிவத்தை என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். ஆனாலும் ஏற்றத்தாழ்வு தீர்ந்துவிடவில்லை. ஓர் இரவில் பிளாக் கீஸைக் கேட்க வரும் கூட்டத்தைக் கிம்ப்ரோ தன் வாழ்நாளில் ஒருமுறையாவது பார்த்திருப்பாரா என்பது சந்தேகமே. அந்த உறுத்தல் ஆல்பத்தைக் கேட்கும்போது எனக்கு இருக்கிறது, இருக்கவும் வேண்டும்.

அதைவிட முக்கியமானது, இந்த இசை அதன் சொந்த வீட்டில் நின்றுபோகவே இல்லை என்பது. பர்ன்சைடின் மகன்கள் டுவெய்ன், கேரி. கிம்ப்ரோவின் மகன்கள் கென்னி, ராபர்ட், 2019இல் மறைந்த டேவிட். தயாரிப்பாளர் ஜிம் டிக்கின்சனின் பிள்ளைகள் நடத்தும் நார்த் மிசிசிப்பி ஆல்ஸ்டார்ஸ் குழு என்று வரிசை நீள்கிறது. கென்னி பிரவுன் தொடங்கிய குன்றுநாட்டு இசை விழா 2006 முதல் நடக்கிறது. எல்லோருக்கும் மேலாக, பர்ன்சைடின் பேரன் செட்ரிக். 13 வயதில் தாத்தாவின் குழுவில் டிரம்ஸ் வாசித்து ஊர் ஊராகப் போனவர். இன்று கிதாரும் குரலும் அவருடையவை.

2022 கிராமி விழாவில் இரண்டு கிளைகளும் வெவ்வேறு வரிசையில் நின்றன. பழைய பாடல்களை மட்டுமே கொண்ட ‘டெல்டா கிரீம்’ சமகால ப்ளூஸ் பிரிவில் பரிந்துரைக்கப்பட்டது. விருது கிளார்க்ஸ்டேலில் பிறந்த இளைஞர் கிறிஸ்டோன் இங்ரமுக்குப் போனது. செட்ரிக் பர்ன்சைடின் ‘ஐ பி டிரையிங்’ பெரும்பாலும் அவரே எழுதிய புதிய பாடல்களால் ஆனது. அது மரபு ப்ளூஸ் பிரிவில் விருது பெற்றது. எது பழையது, எது புதியது என்பதை விருதுக் குழுக்கள் எப்படிப் பிரித்தாலும், அந்த ஆண்டு மிசிசிப்பியின் ஒரு மூலையிலிருந்து வந்த இசை உலகின் முன் நிமிர்ந்து நின்றது. பர்ன்சைட் குடும்பத்துக்குக் கிடைத்த முதல் கிராமி அது. 2005இல் மறைந்த தாத்தாவுக்கு அது வாய்க்கவில்லை.

இந்த இசைக்குப் புதிதாக வருபவர்கள் ‘டெல்டா கிரீமில்’ தொடங்குவதில் தவறில்லை. ஒலிப்பதிவு தெளிவானது, காது எளிதில் பழகும். அங்கேயே நின்றுவிடாதீர்கள். கிம்ப்ரோவின் 1992 ஆல்பத்தை இரவில், சற்று உரக்க வைத்துக் கேளுங்கள். அடுத்து பர்ன்சைடின் 1994 ஆல்பம். பிறகு செட்ரிக். இந்த வரிசையில் போனால் ஒரே தாளம் தாத்தாவின் கையிலிருந்து பேரனின் கைக்கு வந்த வழி காதுக்கே தெரியும். நடுவில் ஆக்ரானிலிருந்து வந்த இரு நண்பர்கள் எந்த இடத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டார்கள் என்பதும் தெரியும்.